தூக்கிய நிழல்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்து நான்கு.

இது என்ன கூத்து என்று நினைத்தவர்கள் கோயம்புத்தூரில் நிறையப் பேர். விற்பனைக்கு வந்த வீட்டைப் படம் எடுக்க இருவரும் போய் இறங்கினால், வீட்டுக்காரர்கள் நாச்சிமுத்துவை சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். ஈஸ்வரி என்று எல்லோரும் கூப்பிடும் சௌடேஸ்வரியிடம், "ஏம்மா, அந்த ஸ்டாண்டை ஓரமா வெச்சுட்டு நீயும் உக்காரு" என்பார்கள். நாச்சிமுத்து பதறி எழுந்து, "அவங்கதாங்க எனக்குச் சொல்லிக்குடுக்கறவங்க" என்பார். யாரும் நம்புவதில்லை. ஈஸ்வரி சிரித்தபடி தன் காபியைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

நாச்சிமுத்து இருபத்துமூன்று வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த குடோன், நசுங்கிய கார், தண்ணீர் புகுந்த மில் என்று எங்கே சேதமோ அங்கே அவர் கேமரா போய் நிற்கும். சேதம் நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. சொந்த வீட்டுச் சமையலறையில் கீறல் விழுந்த டைல்ஸை எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிப்பதற்குள் அவர் மனைவியே விசாரித்து அவரை ஈஸ்வரியிடம் அனுப்பிவைத்தார்.

"என்ன அம்மிணி, எனக்கும் இந்த வித்தை வருமா?" என்று முதல் நாள் கேட்டார்.

"வருங்கண்ணா. ஆனா குறையைத் தேடக் கூடாது."

"அப்புறம் எதைத் தேடறது?"

"தேடவே வேண்டாம். பாத்தாப் போதும்."

அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கிய மாதிரி தலையாட்டினார்.

வித்தை ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பட்டப்பகலில் ஒரு ஹாலைப் படம் எடுக்கிறோம். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் தெரிய வேண்டும் என்று எடுத்தால் ஹால் கறுத்துப்போகும். ஹால் தெரிய வேண்டும் என்று எடுத்தால் ஜன்னல் வெளுத்துப்போகும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே இடத்தை இருட்டில் ஆரம்பித்து வெளிச்சம் வரை ஐந்து படமாக எடுத்துக்கொள்வது. பிறகு கம்ப்யூட்டரில் ஐந்தையும் ஒன்றாக்கினால் மரமும் தெரியும், ஹாலும் தெரியும். ஹெச்டிஆர் என்று பெயர். கடைசியில் மூலைகளில் மிச்சமிருக்கும் இருட்டை எவ்வளவு குறைக்கலாம் என்று நகர்த்திப் பார்க்க ஒரு கோடு இருக்கும், பூஜ்யத்திலிருந்து நூறு வரை. ஈஸ்வரி அதை 'நிழலைத் தூக்கறது' என்பாள்.

மூன்று மாதத்தில் நாச்சிமுத்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். குருவிடம் அவருக்கு ஒரே ஒரு குறைதான். எந்த வீட்டு வாசலிலும் ஈஸ்வரி செருப்பைக் கழற்ற அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொள்வாள். வார் வைத்த செருப்பு. குனிந்து ஒரு காலை அவிழ்ப்பாள், மறு காலை அவிழ்ப்பாள், இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைப்பாள், அப்புறம்தான் நிமிர்வாள். நாச்சிமுத்து நடந்த வாக்கிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே போய் ஸ்டாண்டை விரித்து முடித்திருப்பார்.

"நீ வர்றதுக்குள்ள வீடே வித்துரும் போலிருக்குது அம்மிணி" என்று கேலி செய்வார்.

"விக்கட்டுங்கண்ணா" என்பாள்.

மார்ச் மாதத்தில் சௌரிபாளையத்து வீடு ஒன்று வந்தது. அன்றைக்கு ஈஸ்வரிக்குப் பொள்ளாச்சியில் வேறு வேலை. "நீங்களே எடுத்து நீங்களே முடிங்க" என்று சொல்லிவிட்டாள். நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாகத் தனியாக ஒரு வீடு!

வீட்டுக்காரர் ஜெசிந்தா, பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் அமல்ராஜுக்கு ஓசூரில் வேலை. ஆறு வருஷமாக ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறிவிடுவார். இப்போது ஓசூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தாவுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். இந்த வீடு விற்றால் அங்கே ஒரு வீடு. விற்காவிட்டால் அந்த வேலையும் போய், பழையபடி பஸ்தான்.

"எப்படியாவது நல்லா எடுத்துக் குடுங்க சார். ஒரு வீட்ல ரெண்டு பேரும் இருந்து பாத்தர்றோம்" என்றார் ஜெசிந்தா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாச்சிமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது.

வீடு நல்ல வீடு. வாசலில் நின்றால் நேரே தெரியும் நடு அறை மட்டும் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரை ஒட்டி மாடி எழுப்பியதில் அதன் ஜன்னலை அடைத்துவிட்டார்கள். நடுப்பகலிலும் கதவருகே நின்றால்தான் உள்ளே அலமாரி இருப்பது தெரியும். நாச்சிமுத்து ஐந்து படம் எடுத்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே ஒன்றாக்கினார். நிழலை நாற்பது தூக்கினார், அறுபது தூக்கினார். ஜெசிந்தாவின் முகம் ஞாபகம் வந்தது. நூறுக்கே தூக்கிவிட்டார்.

நடு அறை கல்யாண மண்டபமாக ஜொலித்தது. வீட்டு விற்பனைத் தளத்தில் படத்தைப் போட்ட அன்றே போன் வர ஆரம்பித்தது. பத்து நாளில் ஏழு குடும்பம் வந்து பார்த்தது. ஏழில் ஒன்றுகூட இரண்டாவது தடவை வரவில்லை.

பதினோராம் நாள் ஜெசிந்தா கூப்பிட்டார். "சார், எங்க வீட்ல என்னமோ தப்பு இருக்குது போல."

நாச்சிமுத்து படத்தை எடுத்துக்கொண்டு ஈஸ்வரியிடம் போனார். அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"படம் நல்லா இல்லையா அம்மிணி?"

"நல்லாருக்குதுங்கண்ணா."

"பொறவு ஏன் ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க?"

"நிழலை நூறு தூக்கியிருக்கீங்க."

"ஆமா."

"தூக்குன நிழல் எங்க போச்சுங்கண்ணா?"

நாச்சிமுத்து சிரித்தார். "எங்க போகும்? அழிஞ்சு போச்சு."

"இல்லீங்கண்ணா. எங்கயாவது விழுந்திருக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க."

"எங்க போய்ப் பாக்கறது?"

"ஞாயித்துக்கிழமை ஜெசிந்தாக்கா வீட்டுக்குப் போங்க. கேமரா வேண்டாம். செருப்பு விடற இடத்துல ஒரு சேர் போட்டு உக்காருங்க. வர்றவங்க மூஞ்சியை மட்டும் பாருங்க."

இந்த வயசில் செருப்புக்குக் காவல் உட்கார வைக்கிறாளே என்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனார். கற்றுக்கொள்ள வந்தவன் முறைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தால், மறுபடியும் டைல்ஸை எண்ண வேண்டியதுதான் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுவைத்திருந்தார். நடு அறையில் புதிதாக இரண்டு பல்பு வேறு மாட்டியிருந்தார். பதினோரு மணி வெயிலில் முதல் குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி. வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். நிமிர்ந்தார்கள்.

நாச்சிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். குனியும்போது அந்த முகங்களில் ஓர் ஆசை இருந்தது. நிமிர்ந்து, பகலிலேயே பல்பு எரியும் நடு அறையைக் கண்டபோது இல்லை. அறைகளைச் சுற்றிவந்ததெல்லாம் மரியாதைக்குத்தான். வீட்டை வேண்டாம் என்பதை வாசலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

இரண்டாவது குடும்பமும் அப்படியே.

மூன்றாவதாக வந்த பெண்மணி நடு அறை வாசல்வரை போய் நின்றார். கையில் போன். போனைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார்.

"இது வேற வீடுங்களா?" என்றார்.

"இதேதாங்க" என்றார் ஜெசிந்தா.

"படத்துல இப்படி இல்லியே?"

"அது... பக்கத்து வீட்ல மாடி கட்டிட்டாங்க. லைட் போட்டா நல்லாத் தெரியுங்க. மன்னிச்சுக்குங்க. இவ்வளவு தூரம் வெயில்ல வர வெச்சுட்டேன்."

பதினான்கு வருஷம் குடியிருந்த வீடு. அமல்ராஜ் ஓசூர் போவதற்கு முன்னால் இரண்டு பேருமாக நின்று கட்டியது. அந்த வீட்டுக்காக ஜெசிந்தா ஒரு நாளும் யாரிடமும் வெட்கப்பட்டதில்லை. இப்போது முன்பின் தெரியாத ஒருத்தரிடம், தன் வீடு இப்படி இருப்பதற்காகத் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ எரிந்த குடோன்களின் முன்னால் கலங்காமல் நின்று குறிப்பெடுத்த நாச்சிமுத்து, அந்தச் சேரில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் ஈஸ்வரி கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார்.

"பாத்துட்டேன் அம்மிணி."

"எங்க விழுந்திருந்துச்சுங்கண்ணா?"

"அந்தம்மா மூஞ்சியில."

ஈஸ்வரி ஸ்டாண்டைத் தூக்கிக் கொடுத்தாள். "வாங்க, மறுபடி எடுக்கலாம்."

மறுபடி எடுத்தார்கள். அதே வாசல், அதே நடு அறை, அதே ஐந்து படம். புதிதாக மாட்டிய பல்புகளை ஈஸ்வரி அணைக்கச் சொன்னாள். திரும்பிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாச்சிமுத்து கையைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே நான் நிழலைத் தொடவே மாட்டேன். பூஜ்யம். இருக்கறது இருக்கற மாதிரி."

திரையில் நடு அறை கன்னங்கரேல் என்று இருந்தது.

"அந்த ரூம்ல நீங்க நின்னப்ப அலமாரி தெரிஞ்சுதுங்களாண்ணா?"

"தெரிஞ்சுது."

"கதவுல மாட்டியிருந்த காலண்டர்?"

"தெரிஞ்சுது."

"இந்தப் படத்துல?"

அவர் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் தெரியல."

"அப்ப இது யாரு பாத்த ரூம்?"

ஈஸ்வரி கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். அலமாரி வந்தது. இன்னும் கொஞ்சம். காலண்டர் வந்தது, அதில் தேதி வரவில்லை. அங்கே கையை எடுத்துவிட்டாள். அறை அறையாகவும் இருந்தது, இருட்டாகவும் இருந்தது.

"நீங்க ரிப்போர்ட் எழுதுவீங்கல்லங்கண்ணா, அந்த மாதிரி இதுக்கு ஒரு வரி எழுதுங்க."

அவருக்கு அது கை வந்த கலை. மளமளவென்று எழுதினார்: 'நடு அறை. ஜன்னல் இல்லை. பகலிலும் இருட்டு. வெளிச் சத்தம் வராது.'

படத்தையும் வரியையும் ஜெசிந்தாவிடம் காட்டினார்கள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதைப் பாத்துட்டு யாராவது வருவாங்களா?"

"நெறைய வர மாட்டாங்கக்கா" என்றாள் ஈஸ்வரி.

ஜெசிந்தா மூன்றாவது தடவையும் படித்தார். "போடுங்க. வர்றவங்ககிட்ட நான் மன்னிப்புக் கேக்க வேண்டாமில்ல."

ஈஸ்வரி சொன்னது பலித்தது. முதல் வாரம் ஒரு போன்கூட இல்லை. இரண்டாவது வாரம் ஒருவர் கூப்பிட்டு, வாஸ்து பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஏப்ரல் முடிந்தது. ஓசூர் பள்ளிக்கூடத்திலிருந்து, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டு ஜெசிந்தாவுக்குக் கடிதம் வந்தது. நாச்சிமுத்து தினமும் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தார். நூறு தூக்கியபோதாவது ஆட்கள் வந்தார்கள். இந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு அந்தம்மா குடியைக் கெடுத்துவிட்டோமோ என்றுகூட ஒரு தரம் நினைத்தார். நினைத்ததற்காக அவரே தன்னைத் திட்டிக்கொண்டார்.

மே ஐந்தாம் தேதி ஒருவர் போன் செய்தார். பெயர் குப்புராஜ். மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார். நாச்சிமுத்து யாரும் சொல்லாமலே போய் வாசலில் அதே சேரில் உட்கார்ந்துகொண்டார்.

குப்புராஜ் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குனிந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். முகம் மாறவில்லை. எதை நினைத்து வந்தாரோ அதையே பார்த்த மாதிரி நேராக நடு அறைக்குப் போனார்.

"அக்கா, லைட்டை ஆஃப் பண்ணிக்கலாங்களா?"

"பண்ணுங்க."

விளக்கை அணைத்தார். "கதவைச் சாத்திக்கட்டுங்களா?"

ஜெசிந்தா திருதிருவென்று விழித்துக்கொண்டே தலையாட்டினார். குப்புராஜ் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"சார், ஏதாச்சும் ஆயிருக்குமோ?" என்று ஜெசிந்தா கிசுகிசுத்தார்.

நாச்சிமுத்து மெல்லக் கதவைத் திறந்தார். குப்புராஜ் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. கதவுச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, வெட்கத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கக்கா, அசந்துட்டேன். பேப்பர் ஆபீஸ்ல அச்சடிக்கற எடத்துல வேலைங்க. பொழுது விடியறப்பத்தான் வீட்டுக்கு வருவேன். பதினோரு வருஷமா நான் அடிச்ச பேப்பரையே ஜன்னல்ல ஒட்டி ஒட்டித் தூங்கறேன். அப்பவும் ஓட்டை வழியா வெயில் வந்து மூஞ்சியில அடிக்கும். இங்க காக்கா கத்தறதுகூடக் கேக்கலீங்க." கொஞ்சம் தயங்கினார். "இந்த ரூமை வேற யாருக்காச்சும் சொல்லிட்டீங்களா?"

"இல்லீங்க" என்றார் ஜெசிந்தா.

"சொல்லிராதீங்க. சாயங்காலம் வீட்ல கூட்டிட்டு வர்றேன்."

சாயங்காலம் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் சமையலறையை மட்டும் பார்த்தார். நடு அறையை எட்டிப் பார்த்து, "பகல்ல நாங்க காலடிச் சத்தம்கூட இல்லாம நடந்துட்டிருந்தோங்க. இனி மிக்ஸி போடலாம்" என்றார். அன்றே விலை பேசி முடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஜெசிந்தா ஓசூருக்குப் போன் போட்டார். நாச்சிமுத்து எழுந்து தெருவுக்குப் போய்விட்டார். ஆனாலும் கேட்டது. "ஏங்க, ஜூன்ல இருந்து பஸ் டிக்கெட்டே போட வேண்டாங்க" என்று ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்துபோனது. நாச்சிமுத்துவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களோ என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் வடவள்ளியில் ஒரு வீடு. உச்சி வெயில். இருவரும் வாசலில் போய் நின்றார்கள். நாச்சிமுத்துவின் மனசில் ஒரு கேள்வி ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தது.

"நூறு தூக்கினாலும் தப்பு, பூஜ்யத்துல விட்டாலும் தப்புன்னா, எவ்வளவுதான் தூக்கணும்? நூத்துக்கு எத்தனைன்னு ஒரு நம்பர் சொல்லுங்க அம்மிணி. எழுதி வெச்சுக்கறேன்."

இத்தனை மாதமாக 'சொல்லு' என்று இருந்தது 'சொல்லுங்க' ஆனதை அவர் கவனிக்கவில்லை. ஈஸ்வரி கவனித்தாள். சிரிக்கவில்லை.

"செருப்பைக் கழட்டுங்கண்ணா."

அவர் வழக்கம்போலக் காலை உதறி உள்ளே ஓர் அடி வைத்தார்.

"அப்படி இல்லீங்கண்ணா. திரும்ப வெளிய வந்து போட்டுக்குங்க. குனிஞ்சு, கையில கழட்டுங்க. ஜோடியா வைங்க."

நாச்சிமுத்து வெளியே வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒரு காலைக் கழற்றினார். மறு காலைக் கழற்றினார். இரண்டையும் ஈஸ்வரியின் செருப்புக்குப் பக்கத்தில் சுவரோரம் ஜோடியாக வைத்தார். வெயிலில் கூசிய கண்ணுக்குள் இருந்த வெள்ளை, அவர் குனிந்திருந்தபோதே மெல்லக் கரைந்தது.

"இப்ப நிமிருங்க."

நிமிர்ந்தார். ஹால் இருந்தது. டிவி ஸ்டாண்ட், அதன்மேல் ஒரு பொம்மை, மூலையில் தையல் மிஷின், அதற்கடியில் கொஞ்சம் இருட்டு.

"தெரியுதுங்களா?"

"தெரியுது."

"அவ்வளவுதாங்கண்ணா தூக்கணும்."